பார்த்த அட்டையை நம் அட்டையாக மாற்றுவது எப்படி?

வாழ்த்து அட்டை செய்யப் பழகும் எல்லோருக்கும் இது நடக்கும். யாரோ செய்த அட்டை ஒன்றின் படம் கண்ணில் படும். கை பரபரக்கும். அப்படியே ஒன்று செய்துவிட வேண்டும் என்று படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவோம். அவர் படம் குத்தப் பயன்படுத்திய ரப்பர் ஸ்டாம்ப் நம்மிடம் இருக்காது. அந்த நிறத் தாள் கடையில் கிடைக்காது. அவர் சொன்ன அங்குலக் கணக்கில் வெட்டினால் நம் ஊர் உறைக்குள் அட்டை போகாது. மூன்று மணி நேரம் கழித்துக் கையில் இருப்பது அவருடைய அட்டையும் இல்லை, நம்முடையதும் இல்லை.

நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன். பார்த்ததை அச்சு அசலாகக் கொண்டுவருவதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். வேறு வழி உண்டு என்று காட்டியது என் அத்தையின் கோல நோட்டு. மார்கழியில் தெருவில் நல்ல கோலம் ஒன்றைக் கண்டால் அத்தை முதலில் புள்ளிக் கணக்கைத்தான் குறித்துக்கொள்வார்: “15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி.” பூவையும் கிளியையும் அப்புறம்தான் பார்ப்பார். மறுநாள் எங்கள் வாசலில் அதே புள்ளிகள் இருக்கும். ஆனால் தாமரை இருந்த இடத்தில் மாங்காய் வந்திருக்கும், ஓரத்தில் ஒரு சுற்று கூடியிருக்கும். எதிர்வீட்டுக்காரரே வந்து நின்று ரசித்துவிட்டுப் போவார்.

அட்டைக்கும் அதுதான் வழி. புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை நீங்கள் போடுங்கள்.

வெளிநாட்டில் அட்டை செய்பவர்களிடம் இதற்குக் ‘கேஸ்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. ‘காப்பி அண்ட் ஷேர் எவ்ரிதிங்’ என்பதன் முதலெழுத்துகள். அதையே ‘காப்பி அண்ட் செலக்டிவ்லி எடிட்’ என்றும் விரிப்பார்கள். பார்த்து எடு, தேர்ந்தெடுத்து மாற்று என்று பொருள். இரண்டாவது விரிவுதான் எனக்குப் பிடித்தது. கீழே சொல்லப்போவது அதைச் செய்யும் முறை.

முதல் படி: ஏன் பிடித்தது என்று கண்டுபிடியுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: “இந்த அட்டையில் எனக்குப் பிடித்தது இது.” ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதினால் கணக்கில் சேராது. பெரிய வெற்றிடத்தில் ஒரே ஒரு சின்னப் பறவை இருப்பது பிடித்ததா? மஞ்சளும் சாம்பலும் சேர்ந்திருப்பதா? திறக்கும்போது உள்ளிருந்து எழுந்து நிற்கும் பூவா? தாளின் சொரசொரப்பா?

தெரியவில்லை என்றால் விரலால் மறைத்துப் பாருங்கள். பூவை மறைத்தும் அட்டை நன்றாக இருக்கிறதா? அப்படியானால் உங்களைக் கவர்ந்தது பூ இல்லை, அமைப்பு. கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும் உயிர் போய்விட்டதா? அப்படியானால் அது நிறம். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடலாம் என்ற தைரியம் இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டாம் படி: சட்டகத்தை வரையுங்கள்

ஒரு நோட்டை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த அட்டையைப் பென்சிலால் வெறும் கட்டங்களும் வட்டங்களுமாக வரையுங்கள். பூ வேண்டாம், பறவை வேண்டாம். பூங்கொத்து இருந்தால் ஒரு வட்டம், எழுத்து இருந்தால் ஒரு பட்டை, ஒட்டிய மணிகள் இருந்தால் புள்ளி. தீப்பெட்டி அளவுக்கு வரைந்தால் போதும். பெரிதாக வரைந்தால் கை தானாக விவரங்களுக்குள் போய்விடும்.

பக்கத்திலேயே மூன்று விஷயம் குறியுங்கள். எத்தனை தாள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது? வெற்றிடம் எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு? கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது? சின்ன அலங்காரங்கள் பெரும்பாலும் மூன்றாகவோ ஐந்தாகவோ இருப்பதையும், மூன்று புள்ளிகள் ஒரு முக்கோணமாக அட்டையைச் சுற்றி நிற்பதையும் வரைய வரையக் கவனிப்பீர்கள். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்துச் சட்டகம் வரைந்தாலே தெரிந்துவிடும்.

இப்போது வரைந்ததைத் திருப்புங்கள். நோட்டைக் கால் வட்டம் சுழற்றினால் நின்ற அட்டை படுத்த அட்டையாகும். தலைகீழாகப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள், இடது வலதாகிவிடும். வட்டத்தைச் சதுரமாக்குங்கள். ஒரு சட்டகத்திலிருந்து நான்கு கிடைக்கும். அவற்றில் ஒன்று ‘இது என்னுடையது’ என்று தோன்றும்.

அசல் படத்தை இந்த இடத்தில் மூடி வைத்துவிடுங்கள். இனி நோட்டு மட்டும்தான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் உதவிய பழக்கம் இது.

மூன்றாம் படி: அளவை நம் ஊர்க் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்

அமெரிக்கர்கள் செய்யும் அட்டைகளில் மிகச் சாதாரணமான அளவு நாலே கால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். அவர்கள் ஊர்த் தாள் எட்டரைக்குப் பதினொன்று. அதைப் பாதியாக வெட்டி மடித்தால் இந்த அளவு வரும். செ.மீ.யில் சொன்னால் சுமார் 10.8-க்கு 14. நமக்குக் கிடைப்பது ஏ4 தாள், 21-க்கு 29.7 செ.மீ. அதைப் பாதியாக வெட்டி மடித்தால் 10.5-க்கு 14.8. நம் அட்டை அகலத்தில் 3 மி.மீ. குறைவு, உயரத்தில் 8 மி.மீ. அதிகம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அவர் சொன்ன அளவில் உள்தாளை வெட்டி ஒட்டினால் பக்கவாட்டில் இடிக்கும், மேலும் கீழும் இடைவெளி தெரியும். பிரிட்டனில் செய்பவர்களும் ஏ4 தான் பயன்படுத்துவதால் அவர்கள் சொல்லும் அளவு பெரும்பாலும் நமக்கு நேராகவே பொருந்தும்.

அதனால் அளவுகளை மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கும் கீழே உள்ளதைவிட நான்கு பக்கமும் 3 மி.மீ. உள்ளே இருக்கட்டும். அடி அட்டை 10.5-க்கு 14.8 என்றால் முதல் அடுக்கு 9.9-க்கு 14.2, அடுத்தது 9.3-க்கு 13.6. உறைக்கு சி6 என்று கேட்டு வாங்குங்கள். அது 11.4-க்கு 16.2, நம் அட்டை வசதியாக உள்ளே போகும். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைகள் 17.8 செ.மீ. உயரம் வருவதால் இந்த உறைக்குள் போகாது. அப்படிப்பட்ட ஒன்று பிடித்திருந்தால் சட்டகத்தைச் சுருக்குங்கள், உறையைத் தேடி அலையாதீர்கள்.

அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), மேலே ஒட்டும் அடுக்குகளுக்கு 160 முதல் 200. ஸ்டேஷனரிக் கடையில் ஐவரி அட்டை என்று கேட்டால் முதலாவது கிடைக்கும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். காகிதக் கடைகளும் பத்திரிகை அட்டைக் கடைகளும் வரிசையாக இருக்கும், தாளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். புதுச்சேரிப் பக்கம் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் கிடைக்கும். பூவிதழ் பதித்த தாள் ஒன்றை அடுக்காக வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

மடிப்பு வெடிக்கிறது என்று புதிதாக வருபவர்கள் வருத்தப்படுவார்கள். காகிதத்தில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தாளை வெட்டாமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதற்கு இணையாக மடிப்பு வரட்டும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். கோடு பள்ளமாக விழுந்த பக்கம் வெளியேயும், புடைத்த பக்கம் உள்ளேயும் வரும்படி மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நான்காம் படி: கையில் இருப்பதை வைத்து மாற்றுங்கள்

தாளை உருவம் உருவமாக வெட்டித் தரும் டை கட்டிங் மெஷின் இல்லையே, சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாசிங் பவுடர் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பொருள் அட்டையில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். தங்க எம்பாசிங் ஒரு மினுக்கைத் தருகிறது. அந்த மினுக்கு வீட்டில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் இருக்கிறது. அவற்றின் தங்க ஓரங்களை, வெல்வெட் பட்டைகளை, மயில் உருவங்களை வெட்டிச் சேர்த்து வையுங்கள். ரிப்பனுக்குப் பதில் பழைய ரவிக்கைத் துணியின் ஜரிகை ஓரம். ‘வெல்லம்’ (vellum) என்ற ஒளி ஊடுருவும் தாளுக்குப் பதில் பட்டர் பேப்பர். ஃபோம் டேப்புக்குப் பதில் பிஸ்கட் பெட்டியின் அட்டையை இரண்டு மூன்று துண்டுகளாக ஒட்டிக் கொடுத்தாலும் அடுக்கு தூக்கி நிற்கும். டை வெட்டிய இலைக்குப் பதில் கையால் வெட்டிய இலை. ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமாக வரும், அதுதான் அழகு.

ஸ்டாம்ப் வேண்டுமா? ரப்பரில் செதுக்கிக்கொள்ளலாம். படத்தைப் பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால் அழுத்தமாக வரைந்து, பென்சில் பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்து, நகத்தால் தேய்த்தால் படம் ரப்பரில் பதியும். அது இடவலம் மாறியிருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். செதுக்கிக் குத்தும்போது தாளில் நேராக வந்துவிடும். சின்ன மாங்காய், மூன்று இதழ்ப் பூ, வட்டத்துக்குள் வட்டம், இவற்றிலிருந்து தொடங்குங்கள். கட்டர் பிளேடைக் கைக்கு வெளிப்புறமாக மட்டும் தள்ளுங்கள்.

தண்ணீர் அதிகமுள்ள பசையை மெல்லிய தாளில் முழுக்கத் தடவினால் தாள் சுருங்கி அலைபோல் நிற்கும். பெரிய அடுக்குகளுக்கு டபுள் சைட் டேப், சின்னத் துண்டுகளுக்கு மட்டும் ஃபெவிகால். அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: நிறத்தை உங்கள் பீரோவிலிருந்து எடுங்கள்

பிறர் அட்டையின் நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது அதே அட்டையாகத்தான் தெரியும். நிறம் அவ்வளவு வலிமையானது. எனவே சட்டகத்தை எடுத்தால் நிறத்தை விடுங்கள். நிறத்தை எடுத்தால் சட்டகத்தை விடுங்கள்.

புதிய நிறச் சேர்க்கை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் நான் பீரோவைத் திறக்கச் சொல்வேன். பட்டுச் சேலைகள் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்த நிறச் சேர்க்கைகள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு ஓரம். மயில் கழுத்து நிறத்துக்குக் குங்குமச் சிவப்பு. கிளிப்பச்சைக்குக் கத்தரிப்பூ நிறம். சேலையின் உடல், ஓரம், ஜரிகை மூன்றும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். உடல் நிறம் அட்டையில் ஏறக்குறைய 60 பங்கு, ஓர நிறம் 30, ஜரிகை 10 என்று வைத்துக்கொண்டால் தவறே வராது.

ஒன்றை மனதில் வையுங்கள். வெளிநாட்டு அட்டைகளில் கறுப்பு அடித்தளம் மிகவும் எடுப்பாக இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கோ வளைகாப்புக்கோ கறுப்பு அட்டையை நீட்டினால் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறலாம். அதே ஆழத்தை அரக்கிலோ கரும்பச்சையிலோ கொண்டுவரலாம்.

ஆறாம் படி: தமிழில் எழுதுங்கள்

நான் அதிக நாள் தடுமாறிய இடம் இது. சட்டகம், நிறம், பொருள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, கடைசியில் ஆங்கில ஸ்டாம்ப் ஒன்றைக் குத்தி முடித்துவிடுவேன். அட்டை அந்நியமாகவே நிற்கும். தமிழில் எழுதினாலோ இடம் போதாது.

காரணம் இருக்கிறது. ‘ஹேப்பி பர்த்டே’ என்று ஆங்கிலத்தில் எழுத ஒரு செ.மீ. உயரப் பட்டை போதும். ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்பது அகலமான எழுத்துகள் நிறைந்த தொடர். தலைக்கு மேல் புள்ளியும் ‘பி’யின் கொக்கியும், அடியில் ‘து’வின் சுழியும் இடம் கேட்கும். ஒரு செ.மீ. பட்டையில் இவை நசுங்கிப்போகும். அதனால் இரண்டு வரியாகப் பிரியுங்கள், பட்டையை 2.5 செ.மீ. ஆக்குங்கள், அல்லது பட்டையையே எடுத்துவிட்டு வெற்றிடத்தில் நேரடியாக எழுதுங்கள். சட்டகத்தில் எழுத்துக்கான கட்டத்தை ஆரம்பத்திலேயே பெரிதாக வரைந்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. ‘வாழ்த்துக்கள்’ என்று அச்சிட்ட அட்டைகள் ஏராளம் இருந்தாலும், ‘வாழ்த்துகள்’ என்பதே சரி என்று தமிழாசிரியர்கள் பலர் சொல்வார்கள். கையால் எழுதும் நாம் சரியாகவே எழுதலாமே.

இன்னொரு வழி, சொல்லையே மாற்றுவது. நாம் பேசும்போது வாழ்த்துத் தொடர்களை ஒப்பிப்பதில்லை. உடம்பு சரியில்லாத தோழிக்கு “சீக்கிரம் எழுந்து வா” என்போம். வெளியூர் போன தம்பியிடம் “எப்போ வர்றே?” என்போம். அந்தச் சொற்களை அட்டையின் நடுவில் போட்டுப் பாருங்கள். வாங்கியவர் உங்கள் குரலிலேயே படிப்பார். ‘நன்றி’ மூன்றே எழுத்து. ‘பொலிக’, ‘வாழிய’, ‘நலமா?’ எல்லாம் சின்னச் சட்டகத்துக்கென்றே அமைந்த சொற்கள்.

கையெழுத்து அழகில்லை என்று தயங்குபவர்கள் கணினியில் பிடித்த எழுத்துருவில் அச்சிட்டு, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே மெல்லிய தாளை வைத்து வரைந்துகொள்ளலாம். நாலைந்து முறை வரைந்தால் கை பழகிவிடும்.

ஓர் அட்டை, ஆரம்பம் முதல் கடைசி வரை

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரு முறை செய்து பார்ப்போம். அட்டை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு வகை இது: வெள்ளை அட்டை, நடுவில் வாட்டர்கலரில் வரைந்த பூ வளையம், வளையத்துக்குள் கறுப்பில் வாழ்த்து, சுற்றிலும் மூன்று பளபளப்புப் பொட்டுகள். எனக்கு ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு அட்டை வேண்டியிருந்தது.

எனக்கு அதில் பிடித்தது, பூக்கள் சூழ்ந்திருக்க எழுத்தைச் சுற்றி ஒரு வெறுமை இருப்பது. ஒரு வட்டம், உள்ளே பட்டை, மூன்று புள்ளி என்று சட்டகம் வரைந்தேன். வட்டத்தைப் பாதியாக வெட்டிக் கீழ்ப்பாதியை மட்டும் மேலே ஏற்றியதும் அது ஒரு தோரணமாகத் தெரிந்தது. புது வீட்டு வாசலுக்கு வேறென்ன வேண்டும்?

அடி அட்டை 300 ஜிஎஸ்எம் ஐவரி, ஏ4-இல் பாதி, மடித்தால் 10.5-க்கு 14.8. அதன் மேல் மாம்பழ மஞ்சள் அடுக்கு, 9.9-க்கு 14.2. அதை இன்னும் ஒட்டவில்லை. 13 செ.மீ. வெள்ளை நூலின் இரண்டு முனைகளையும் அடுக்கின் மேல் ஓரத்தில், மூலைகளை ஒட்டி, பின்பக்கம் முனைக்கு ஒரு செ.மீ. மடக்கி டேப் போட்டேன். மீதி 11 செ.மீ. நூல் நடுவில் சுமார் 2 செ.மீ. தொய்ந்து தொங்கும். இலைக்குப் பச்சைத் தாளில் 1.2-க்கு 4.5 செ.மீ. துண்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் மடித்து, நுனியைக் கூராக வளைத்து வெட்டிப் பிரித்தால் நடு நரம்போடு மாவிலை தயார். இரண்டு பச்சைத் தாள் கலந்து வெட்டுங்கள், உண்மையான தோரணத்தில் எல்லா இலையும் ஒரே பச்சையாக இருக்காது. இலையின் மேல் நுனியை மட்டும் நூலோடு ஒட்டினேன். கீழ்ப்பகுதி ஒட்டாமல் தூக்கி நின்றதால் நிழல் விழுந்தது. அந்த நிழலுக்காகவே ஃபோம் டேப்பைத் தவிர்த்தேன்.

இலைகளுக்குக் கீழே நல்ல இடைவெளி விட்டு அரக்கு நிறப் பேனாவால் இரண்டு வரி: ‘புது வீடு / பொலிக’. மூன்று பொட்டுகளுக்குப் பதில், அடியில் வெள்ளை ஜெல் பேனாவால் சின்னப் படிக்கோலம், ஓரத்தில் காவிக் கோடு. அசலில் இருந்த பூ வளையம் எங்கும் இல்லை. ஆனால் எழுத்தைச் சுற்றிய அந்த வெறுமை அப்படியே இருக்கிறது.

உள்பக்கம் மொய் வைக்க ஒரு பை ஒட்டினேன். 100 ரூபாய்த் தாள் 14.2 செ.மீ. நீளம், மடிக்காமல் நிற்கும். 500 ரூபாய்த் தாள் 15 செ.மீ., நம் அட்டையைவிட 2 மி.மீ. நீளம், அதனால் பாதியாக மடித்துத்தான் வைக்க வேண்டும். கூட ஒரு ரூபாய் நாணயத்தை டபுள் சைட் டேப்பில் ஒட்டிவிட்டால் 101 ஆயிற்று.

நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்புவதாக இருந்தால் நாணயத்தை விட்டுவிடுங்கள், எடையையும் பாருங்கள். 300 ஜிஎஸ்எம் அடி அட்டை மட்டும் 9.4 கிராம் வரும். அடுக்கு, உறை, இலை எல்லாம் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடலாம். தபாலில் கடிதக் கட்டணம் 20 கிராம், 20 கிராமாகத்தான் ஏறும். ஒட்டுவதற்கு முன் சமையலறைத் தராசில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுவேன்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

இதைக் கூச்சப்படாமல் பேச வேண்டும். ஒருமுறை நான் செய்த தோரண அட்டையின் படத்தை ஒருவர் தன்னுடையது என்று சொல்லி ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். அமைப்பை எடுத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். படத்தையே எடுத்ததுதான் வலித்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம். ஓவியத்தை வரைந்த உடனேயே வரைந்தவருக்கு உரிமை வந்துவிடும், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு யோசனைக்கு அந்த உரிமை கிடையாது. ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையிலான வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கருவுக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு. நம் வேலைக்கு இதன் பொருள் எளியது. ‘மேலே தோரணம், கீழே எழுத்து’ என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வரைந்த மயிலைக் கோட்டுக்குக் கோடு டிரேஸ் செய்வது வேறு விஷயம்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல்: சட்டகம், நிறம், உருவம், எழுத்து, பொருள் என்ற ஐந்தில் மூன்றையாவது மாற்ற வேண்டும். வீட்டில் பழகிப் பார்ப்பதற்கு எதை வேண்டுமானாலும் அப்படியே செய்து கை பழகலாம், நல்ல பயிற்சி அது. பிறருக்குக் காட்டும்போது யாருடைய அட்டையிலிருந்து தொடங்கினீர்கள் என்று பெயர் சொல்லிவிடுங்கள். விற்கப் போகிறீர்கள் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஸ்டாம்ப் நிறுவனங்கள் பலவற்றுக்கு ‘ஏஞ்சல் பாலிசி’ என்று ஒன்று உண்டு. அவர்களுடைய ஸ்டாம்பைக் கையால் குத்திச் செய்த அட்டைகளை விற்க அனுமதிப்பார்கள், அதை ஸ்கேன் செய்து அச்சடிக்க அனுமதிக்க மாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், படித்துப் பாருங்கள். வெட்டும் மெஷினுக்காக விலை கொடுத்து வாங்கிய கணினிக் கோப்புகளிலும் (கட் ஃபைல்) ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. நம் ஊரில் படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய ஓவியம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ராஜா ரவி வர்மா 1906-இல் மறைந்தார், அவர் ஓவியங்களை இன்று யாரும் பயன்படுத்தலாம். சிக்குக் கோலங்கள், கோயில் தூண்களின் அன்னமும் கொடிப்பெண்களும், பத்தமடைப் பாய்களின் கோடுகள் எல்லாம் காலங்காலமாகப் பலர் கையில் புழங்கி வந்தவை. வீட்டில் யாராவது பழைய பொங்கல் வாழ்த்து அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். கரும்பும் பானையும் ஜோடி மாடுகளும் அந்தச் சின்ன அட்டையில் எப்படி இடம் பிடித்து நிற்கின்றன என்று சட்டகம் வரைந்து பாருங்கள்.

பத்து அட்டை ஆனதும்

ஒவ்வோர் அட்டையையும் கொடுப்பதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பத்துச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் சின்னதாக அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். நீங்கள் நினைக்காமலேயே திரும்பத் திரும்ப வரும் ஏதோ ஒன்று அங்கே இருக்கும். சிலருக்கு அது ஒரு நிறம். சிலருக்கு எப்போதும் இடது மூலையில் தொடங்கும் அலங்காரம். தோழி ஒருத்திக்கு நூல் தையல். எந்த அட்டையானாலும் எங்காவது நாலு தையல் போட்டிருப்பாள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை புதிய அட்டை ஒன்றைப் பார்த்து மயங்கும்போது முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

என் முதல் பக்கத்தில் ‘கனம் மேலே, வெற்றிடம் கீழே’ என்று எழுதியிருக்கிறது. தோரண அட்டைக்குப் பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. இப்போதெல்லாம் கனமெல்லாம் அடியில் இருக்கும் அட்டை ஒன்று பிடித்துப்போனால், நோட்டில் சட்டகத்தை நேராக வரைவதற்கு முன்பே கை அதைத் தலைகீழாக வரையத் தொடங்கிவிடுகிறது.